ஏழாம் பாத்தியில் மல்லி வாசம்

அநியாயத்துக்கு ஆளானவள் ஒச்சம்மாள். செய்தவர் டாக்டர் குலசேகரன். இடம், ஆவரங்குளம் காய்கறி ஆராய்ச்சிப் பண்ணையின் ஏழாம் பாத்தி. நாள், தை பதினொன்று, காலை பத்தேகால். சாட்சிகள், களை எடுத்துக்கொண்டிருந்த பதினாறு பெண்கள், ஒரு மேஸ்திரி, அப்புறம் கையில் நோட்டை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்ற நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊர்க் கதையைக் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் வாசத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அநியாயத்துக்கு வருவதற்குள் அவர்களுக்குப் பஸ் வந்துவிடுகிறது.

ஒச்சம்மாளுக்கு வேலை புழு எண்ணுவது. கத்தரிச் செடியின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, குருத்தைப் பிளந்து பார்த்து, "மூணு, ரெண்டு, ஒண்ணுமில்ல, அஞ்சு" என்று அவள் சொல்லிக்கொண்டே போக, பின்னாலேயே நான் எழுதிக்கொண்டு போவேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புருஷன் லாரி விபத்தில் போன மாதம் வேலைக்கு வந்தவள். அன்றிலிருந்து தலையில் ஓர் இணுக்குப் பூ வைத்தவளில்லை. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தோடு எனக்குத் தனியாக ஒரு சண்டை இருக்கிறது, இப்போது அதை இழுக்கவில்லை.

அன்றைக்கு குலசேகரன் சார் பாத்தியைப் பார்வையிட வந்தபோது ஒச்சம்மாள் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "சார், இந்த ஏழாம் பாத்தியில புழு கடிச்சா மல்லி வாசம் வருது. வந்த மறுநாளு பக்கத்து வரிசையில புழு ஏற மாட்டேங்குது. மூணு வருஷமாப் பாக்குறேன், சொல்லணும்னு இருந்தேன்."

சார் மூக்கை உறிஞ்சினார். அவருக்கும் வாசம் வந்தது. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு சொன்னார்: "வாசம் செடியில இல்லம்மா, உன் தலையில. பூ வச்சா வச்சோம்னு வேலையைப் பாக்கணும், ஆராய்ச்சி பேசக் கூடாது."

மேஸ்திரி சிரித்தார். ஒச்சம்மாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள், முதுகைத் திருப்பினாள், எண்ணெய் மினுங்கும் கொண்டையை அவருக்குக் காட்டினாள். "நல்லாப் பாருங்க சார். என் தலையில பூ இருக்கா?"

அவர் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் அறிவிப்புப் பலகையில், பூவும் வாசனையும் அணிந்து வந்து சோதனைப் பாத்தியைக் கெடுத்த காரணத்துக்காக மேற்படியாள் வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள் என்று தட்டச்சு செய்த காகிதம் ஒட்டியிருந்தது. அந்தக் காகிதம் பலகையை விட்டு நகரவில்லை, அதிலிருந்த சொல் மட்டும் அவள் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது: ஒச்சம்மா திருட்டுத்தனமாப் பூ வைக்கிறாளாம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அது தை மாதம். பனி விழுகிற மாதத்தில் மல்லிக்கு அவள் எங்கே போவாள்? அந்த வாரம் எங்கள் சந்தைக்கு மல்லி வரத்தே இல்லை, மாரியம்மனுக்கே அரளியைத்தான் சாத்தினார்கள். மல்லிக் காட்டுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த பதினெட்டுப் பேர் அங்கே நின்றோம், ஒருத்தர் வாயிலிருந்தும் இது வரவில்லை. வாசம் வந்தால் தலையைப் பார்ப்பதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம், மாதத்தைப் பார்ப்பதில்லை. மெஸ்ஸில் சாம்பாரில் பருப்பு எங்கே என்று வாரத்துக்கு இரண்டு தடவை வழக்காடுகிறவள் நான். பாடத்திட்டம், பஸ் நேரம், பாவமன்னிப்பு என்று எதை எடுத்தாலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அன்றைக்கு மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் என் ஆய்வு வழிகாட்டி. அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குப் பட்டம். செலின் என்கிற என்னுடைய வீரம் அந்தக் கையெழுத்து வரைக்கும்தான் இருந்தது என்பதையும் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

சாருக்கு அவள்மேல் பகையா என்றால், இல்லை. பகையாக இருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவருக்கு ஒரு செடி இருந்தது, அதற்குக் கோட்டை என்று பெயர் வைத்திருந்தார். கோட்டை என்னவென்று புரிய வேண்டுமானால் சாதாரணக் கத்தரிச் செடி புழுவோடு எப்படி மல்லுக்கட்டுகிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு இலைக்குள்ளும், புழுவின் வயிற்றைக் கட்டிப்போடுகிற ஒரு மருந்தைக் காய்ச்சும் முறை ஒரு பக்கமாக எழுதி வைத்திருக்கிறது. மரபணு என்பது அந்தப் பக்கம்தான். ஆனால் அதை எந்நேரமும் படித்துக்கொண்டிருந்தால் செடி எப்போது வளர்வது, எப்போது பூப்பது? அதனால் அந்தப் பக்கத்தின்மேல் ஒரு காவல் புரதம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. புழு கடிக்கிறது, அதன் எச்சில் காயத்தில் படுகிறது, உடனே இலை ஒரு தூதுப்பொருளைச் செய்து அனுப்புகிறது. முதன்முதலில் மல்லிகை எண்ணெயில் அடையாளம் கண்ட பொருளின் குடும்பம் அது, விஞ்ஞானத்திலும் மல்லிகையின் பெயரைத்தான் சுமந்துகொண்டு திரிகிறது. தூது போய்க் காவலைப் பிடித்துத் துண்டு துண்டாக்கிவிடும், பக்கம் திறந்துகொள்ளும், உலை கொதிக்கும், புழு தின்னும் ஆனால் தின்றது செரிக்காது. தூதில் கொஞ்சம் காற்றிலும் கலந்து போகும், அக்கம்பக்கத்துச் செடிகள் அதை முகர்ந்து, தங்களைப் புழு தொடுவதற்கு முன்பே தங்கள் காவலைத் தளர்த்திக்கொள்ளும். இத்தனை ஆத்திரத்துக்கும் நடுவில், திறக்கச் சொல்கிற அதே உத்தரவின் கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: புதுக் காவல் செய்து வை. புழு போனதும் பக்கம் மூடிக்கொள்ளும், செடி பூக்கப் போய்விடும்.

சார் அந்தக் காவலையே எடுத்துவிட்டார். எந்நேரமும் பக்கம் திறந்து கிடந்தால் எந்தப் புழுவும் கிட்டே வராதே என்பது அவர் யோசனை. புழு வரவில்லைதான். காயும் வரவில்லை, முழங்கால் உயரத்தில் நின்று, சுண்டைக்காய் அளவில் எதையோ காய்த்துவிட்டு முறைத்துக்கொண்டிருந்தது கோட்டை. அதைச் சாதாரணச் செடிகளோடு ஒப்பிட்டுக் காட்ட, வேண்டுமென்றே புழு விட்ட வரிசையும் புழு விடாத வரிசையும் பக்கம் பக்கமாக ஏழாம் பாத்தியில் நட்டிருந்தார். ஒச்சம்மாள் சொன்னது உண்மையென்றால் ஒரு வரிசை இன்னொரு வரிசைக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்புறம் அந்த ஒப்பீடு எதற்கு ஆகும்? அவளுடைய ஒரே வாக்கியம் அவருடைய மூன்று வருஷத்தைத் தின்றுவிடும். அதனால் அவர் வாசத்தை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒச்சம்மாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள், அவள் உடம்பிலிருந்து மல்லி மணத்தது. கண்டக்டர் பின்னாலிருந்து, "யாரு ஆத்தா பூக்கூடை ஏத்துனது, லக்கேஜ் டிக்கெட் போடணும்" என்றார். கூடை இல்லை. ஆனால் அவளுக்கு முன் சீட்டிலும் பின் சீட்டிலும் இருந்தவர்களுக்கு நாக்கு நுனியில் ஒரு கசப்பு ஏறியது, எச்சிலை விழுங்க முடியவில்லை, ஜன்னலில் துப்பிப் பார்த்தும் போகவில்லை, கடைசியில் ஒருத்தி திரும்பி, "ஏத்தா, உன்னய யாரு என்ன செஞ்சா?" என்று கேட்ட பிறகுதான் கேட்டவளுக்குத் தொண்டை இறங்கியது. ஒச்சம்மாள் சொன்னாள். அவளுடைய வாசம் மட்டும் போகவில்லை.

மறுநாள் அது ரேஷன் கடைக்கு வந்தது. சீனி நிறுக்கிறவர் தராசுத் தட்டில் சுண்டுவிரலை வைத்து அழுத்தியதும், அதைக் கவனிக்காமல் பையை விரித்துக்கொண்டு நின்ற, காது கேட்காத சடையாண்டித் தாத்தாவின் சட்டையிலிருந்து மல்லி குபீரென்று கிளம்பியது. வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் வாய் கசந்தது, நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்தார்கள், சீனி நிறுக்கிறவர் தன் விரலைத் தானே ஒரு புதுப்பொருளைப் போலப் பார்த்தார். அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்தில், செய்யாத குறும்புக்காக வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சிறுமியிடமிருந்து மணத்து, வகுப்பு முழுக்க வாய் நிறைய எச்சிலோடு உட்கார்ந்திருக்க, பதினாறாம் வாய்ப்பாடு பதினாறு நாலு என்பதோடு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் சவரிமுத்து பிரசங்கத்தை நடுவில் நிறுத்தினார், மூக்கைத் தேய்த்தார், "யாரு யாரை என்ன பண்ணீங்களோ, வெளிய போயி முடிச்சிட்டு வாங்க, நான் காத்திருக்கேன்" என்றார். மூன்று ஜோடிகள் எழுந்து போயின, அவர்களில் பூசைக்கு மணியடிக்கிற கோயில்பிள்ளையும் ஒருவர்.

இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் மல்லி வாசம் என்பது குழாயில் தண்ணீர் வருவது மாதிரி; எங்கிருந்து வருகிறது என்று கேட்க மாட்டார்கள், ஏன் நேரங்கெட்ட நேரத்தில் வருகிறது என்றுதான் கேட்பார்கள். பூ வியாபாரிகள் சங்கத்தின் சார்பில் பூக்கடை அழகுமலை பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தார்: ஊரே மணத்தால் எங்கள் பூவை யார் வாங்குவது? ஒரு வாரத்தில் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காலையில் பெண்டாட்டியிடம் வாய் நீண்ட ஆண்கள் எல்லோரும், தெருவுக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கட்டும் என்று ஆளுக்கு நாலு முழம் வாங்கிப் போனார்கள். பாவம், அது நடக்கவில்லை. கடைப் பூவுக்கு யார் நாக்கும் கசப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு மனிதர் மல்லிகை அத்தரை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, தம்பி என்னை ஏமாற்றிவிட்டான் என்று ஒரு பகல் முழுக்க முச்சந்தியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் எச்சிலை விழுங்கிப் பார்த்தார்கள், சுகமாக இறங்கியது, அவர் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒச்சம்மாளின் ஓரகத்தி பவுனு, பூ வைக்கிறாளாம் என்ற பேச்சை முன்னின்று பரப்பியவள், ஒருநாள் மோப்பம் பிடிக்க அவள் வீட்டு வாசலுக்கே வந்தாள்.

"ஏக்கா, தெருமுனை வரைக்கும் மணக்குது. யாருக்காக இவ்வளவு?"

"நீயும்தான் மணக்குற."

பவுனு தன் தோளை முகர்ந்தாள். காலையில் அவள் புருஷன், நீ வைக்கிற குழம்புக்கு ஒரு பெயர் வேண்டாமா என்று கேட்டிருந்தான். அது தைத்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள், ஒச்சம்மாள் நாக்குக் கசந்துபோய் அவளையும் கூட்டிக்கொண்டு போய் அவள் புருஷனிடமே கேட்டாள். அவன், "கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு மதினி, நேத்து ராத்திரி தூக்கமில்ல" என்று பதில் சொன்னதும் பவுனுவின் வாசம் விளக்கை அணைத்தாற்போல நின்றது. அதற்கப்புறம் பவுனு வேறு கதை பரப்பத் தொடங்கினாள், அது எங்களுக்கு ரொம்பவும் உதவியது: கேட்டா மட்டும் போதாதுடி, பதில் வரணும், பதில் வந்தாத்தான் வாசம் போகும்.

இது தெரிவதற்கு முன்னால் மாசி மாதம் முழுக்க ஊரும், சார் வளர்த்த கோட்டை மாதிரிதான் இருந்தது. எல்லோரும் எந்நேரமும் கசந்துபோய், எல்லோரையும் கேள்வி கேட்டுக்கொண்டு, களை எடுக்க ஆளில்லாமல் காடு கிடக்க, மாவு புளித்து வழிய, யார் நாற்காலியை யார் திருப்பிப் போட்டார்கள் என்பதைப் பற்றி இரண்டு நாள் பஞ்சாயத்து நடந்தது. பதில்தான் புதுக் காவல் என்று புரிந்த பிறகு ஊர் பூக்கத் தொடங்கியது. பங்குனியில் எங்கள் ஆட்கள் பதில் சொல்வதில் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். "ஆமா, நான்தான் இடிச்சேன், பாக்கல." "ஆமா, உன் மகளைப் பத்திப் பேசினேன், பொறாமை." சொல்லிவிட்டு, கேட்டவரும் சொன்னவரும் சேர்ந்து எச்சிலை விழுங்கிவிட்டு, டீ குடிக்கப் போனார்கள். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைத் தொடுவதற்கு முன் வீட்டுக்குள் மல்லி வாசம் இருக்கிறதா என்று மூக்கை உயர்த்தினார்கள், பெண் வீட்டார் அவர்கள் வந்த வேனுக்குள் தலையை நீட்டி முகர்ந்து பார்த்தார்கள். காவல் நிலையத்தில் எஸ்.ஐ. தன் மேசையைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டார். உள்ளே உட்கார முடியவில்லை, அத்தனை வருஷத்து வாசம்.

எல்லோர் வாசமும் வந்தது, போனது. ஒச்சம்மாளின் வாசம் மட்டும் தையில் வந்தது பங்குனி ஆகியும் நின்றது. பண்ணை வேலை போன பிறகு அவள் பண்ணையை ஒட்டிய மல்லித் தோட்டத்தில் மொட்டுப் பறிக்கப் போனாள். அங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். விடியக் காலையில் பறிக்கிற மொட்டுக்கு வாசம் கிடையாது. சாயங்காலம் மலரும்போதுதான் மணக்கும். வாசமில்லாத ஒரு காட்டுக்கு நடுவில் அவள் ஒருத்தி மணத்துக்கொண்டு நடந்தாள்.

எனக்குத் தை பதினொன்றிலிருந்தே சோறு இறங்கவில்லை. மெஸ்ஸில் சண்டை போடாமல் சாப்பிட்டுப் போகிறேன் என்று சமையல்காரர் கவலைப்பட்டு எனக்கு மோர் கொடுத்தார். பங்குனியில் ஒருநாள் தோட்டத்துக்குப் போய் அவள் எதிரில் நின்றேன்.

"அக்கா, சார் உங்களுக்கு ஏன் இன்னும் பதில் சொல்லல?"

"அவரை விடு பாப்பா. நீயும்தான் அங்க நின்ன."

"ஆமாக்கா. நின்னேன். எனக்கும் வாசம் வந்துச்சு. பயந்துட்டேன்."

அவள் கை மொட்டுக்கு நடுவில் கொஞ்சம் நின்றது. என் தொண்டை இறங்கியது. அவள் வாசத்தில் எனக்குரிய பங்கும் குறைந்தது என்று பக்கத்து வரிசைப் பெண்கள் பிறகு சாட்சி சொன்னார்கள். "அங்க வேலைக்குத் திரும்பி வர்றீங்களாக்கா?" என்று கேட்டேன். "வேலை இங்கயும் இருக்கு. என் தலையில பூ இருந்துச்சா இல்லையான்னு அந்த மனுசன் சொல்லட்டும். நீ படிச்ச புள்ளதான, செடியைக் கேளு, அதுவாவது சொல்லும்" என்றாள்.

செடியைக் கேட்டேன். புழு விட்ட வரிசையில் இலை கடிபட்ட அன்று, பக்கத்தில் ஒரு புழுகூடத் தொடாத வரிசையிலிருந்து இலைகளைப் பறித்து, திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைத்து, உரலில் பொடித்து, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கருவியில் வைத்துப் பார்த்தேன். கடிபடாத இலைகளில் பக்கம் பாதி திறந்திருந்தது. காற்று வீசாத மூலையில் நட்டு, கண்ணாடிப் பெட்டியால் மூடிய செடிகளில் திறக்கவில்லை. சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கருவியில் கோளாறு, மறுபடி செய் என்றார். மறுபடி செய்தேன். இலை பறித்த நேரம் சரியில்லை, மறுபடி செய் என்றார். மூன்றாவது தடவை காட்டியபோது காகிதத்தை வாங்கித் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "மூடினா போகுமா சார்?" என்று கேட்டேன். இதுதான் அவரிடம் நான் போட்ட முதல் சண்டை. அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார், எச்சில் விழுங்காமல்.

ஆடியில் தலைமையிடத்திலிருந்து ஆய்வுக்குழு வந்தது. கூட்ட அறையின் ஜன்னல்கள் திறந்திருந்தன, வெளியே பாத்தியில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள், வரப்புக்கு அந்தப் பக்கம் மல்லித் தோட்டம். குழுத் தலைவர் எங்கள் ஊரில் ஒரு நாளும் தங்கியதில்லை, அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. கோட்டையின் காய் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது என்ன குலசேகரன், கத்தரிக்காயா சுண்டைக்காயா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் அநியாயம் இல்லை. அது நியாயமான கேள்வி, நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. "உங்க அப்பா காய்கறி மார்க்கெட்ல மூட்டை தூக்கினவராமே. தூக்குறவங்க தூக்கணும். ஆராய்ச்சி எல்லாருக்கும் வந்துடுமா?"

அறை முழுக்க மல்லி மணத்தது. சார் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். அப்போதும் அவர் முதலில் பார்த்தது என் தலையைத்தான். பிறகு குனிந்து தன் சட்டையை முகர்ந்தார். அந்த முகத்தை என்னால் விவரிக்க முடியாது, விவரிக்கவும் மாட்டேன், அது அவருடையது.

அதற்குள் கதவு திறந்தது. பதினாறு பெண்கள், களைக்கொத்தும் கையுமாக, சேற்றுக் காலோடு உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். மேஸ்திரி அவர்களுக்குப் பின்னால், சிரிக்காமல். கடைசியாக வரப்பைத் தாண்டி, மடியில் பறித்த மொட்டோடு, ஒச்சம்மாள். குழுத் தலைவர் தண்ணீரைக் குடித்தார், அது இறங்கவில்லை, கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார்.

"ஐயா," என்றாள் ஒச்சம்மாள், "இவுக அப்பா மூட்டை தூக்குனா என்ன? நீங்க சாப்பிடுற கத்தரிக்கா ஊருக்கு நடந்தா வந்துச்சு?"

எல்லோரும் காத்திருந்தோம். எங்களுக்கு அதில் பழக்கம் உண்டு. அவர் தண்ணீரைச் சிரமப்பட்டு விழுங்கி, "சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான்" என்றார். சாரின் சட்டையிலிருந்து வாசம் நின்றது. அறையில் இப்போது மிச்சமிருந்தது ஒரே ஒரு வாசம், ஏழு மாதத்து வாசம்.

சார் அவளைப் பார்த்தார். "நீ ஏம்மா வந்த?"

"வாசம் வந்துச்சு சார், வந்தோம். யாருக்குன்னு பாத்துட்டா வருவாக?"

அவள் தன் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் எழுந்து பக்கத்திலிருந்த தன் அறைக்குப் போனார், மேசை இழுப்பறையிலிருந்து என் காகிதத்தை எடுத்து வந்தார், அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளை நீங்க என்றார்.

"தை பதினொண்ணு அன்னிக்கு நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. இல்ல. உங்க தலையில பூ இல்ல. வாசம் செடியிலதான் வந்துச்சு, எனக்கும் வந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்." குழுத் தலைவரிடம் திரும்பினார். "என் மூணு வருஷக் கணக்கு செல்லாது சார், முதல்ல இருந்து நடணும். வரிசைக்கு வரிசை பேசுதுன்னு கண்டுபிடிச்சது இவங்க. பேர் ஒச்சம்மாள். நிரூபிச்சது இந்தப் பொண்ணு."

பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் எச்சிலை விழுங்கினோம். அந்தச் சத்தத்தில் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது. பிறகு யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும். சுவரில் சாய்ந்து, களைக்கொத்தைப் பிடித்துக்கொண்டு, மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழுத் தலைவர்கூட எதற்கென்று தெரியாமல். சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் பழைய காகிதத்தின்மேல் புதுக் காகிதம் ஒட்டியது. சார் கையாலேயே எழுதியிருந்தார்.

மறுவாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். கோட்டையைப் பிடுங்கிவிட்டு வரிசைகளைத் தள்ளித் தள்ளி நட்டோம். ஏழாம் பாத்தியை மட்டும், வாசம் படிக்கிற பாத்தி என்று அப்படியே விட்டுவைத்தார் சார். காலையில் வந்ததும் முதல் வேலையாக அங்கேதான் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒச்சம்மாள் மட்டும் அடிக்கடி தன் தோளை முகர்ந்துகொண்டாள். "ஏழு மாசமாக் கூடவே கிடந்துச்சா பாப்பா, இப்ப வெறிச்சுன்னு இருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அழகுமலையின் கடை முன்னால் நின்றாள். நானும் கூட இருந்தேன், என் சண்டைகளையெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு.

"ஒரு முழம் குடுங்கண்ணே."

"சாமிக்கா?"

"இல்ல. எனக்கு."

அழகுமலை அவளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள், பவுனு தன் புருஷனோடு எதிர்த்தாற்போல நின்றிருந்தாள். எல்லோரும் பழக்கதோஷத்தில் எச்சிலை விழுங்கிப் பார்த்தார்கள். சுகமாக இறங்கியது. அழகுமலை முழங்கையில் அளந்து, ஒரு கை கூடுதலாகவே விட்டு அறுத்துக் கொடுத்தார். என் சண்டைகளை நான் அப்படியே திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன்.

காலையில் நோட்டோடு அவளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். "ரெண்டு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே போனாள். வரப்பில் சார் வேகமாக வந்தார், மூக்கு உயர்ந்திருந்தது, பேனாவின் மூடியை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார்.

"ஒச்சம்மா, வருதுங்க, நல்லா வருது. எந்தச் செடின்னு பாத்தீங்களா?"

ஒச்சம்மாள் நிமிர்ந்தாள், இடுப்பில் கை வைத்தாள், தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டாள், அவருக்கு முதுகைத் திருப்பினாள்.

"செடி இல்ல சார். இது என் தலையில இருக்கிற பூ."